நாலு காலத் தலைப்பு

முதல் பக்கம் பன்னிரண்டே காலுக்குப் போயாக வேண்டும்.
மாநாடு முடியவில்லை.
ஒரு நாள் நீட்டித்தார்கள், பிறகு அரை நாள்,
இப்போது ‘எந்த நேரமும்’ என்கிறது ஏஜென்சி.
சத்துவாச்சாரியில் மழை
ஜெனரேட்டர் ஷெட்டுத் தகரத்தை விடாமல் தட்டுகிறது.

ஏழு மணிக்குத் தலைவர் பேசினார்.
புகையை நிறுத்துவோம் என்றார்.
நாற்பது விநாடி கைதட்டலாம், யாரோ எண்ணியிருக்கிறார்கள்.
அதையே தலைப்பாக வைத்தேன்.
எழுபத்திரண்டு பாயின்ட். நாலு காலத்தில்
அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

பத்தரைக்குத் திருத்தம்.
மூடிய அறைக்குள் யார் யாரோ பேசி
படிப்படியாகக் குறைப்போம் என்று ஆகியிருந்தது.
அறுபதுக்கு இறக்கினேன்.
பதினொன்றே முக்காலுக்கு இன்னொன்று:
படிப்படியாகக் குறைக்க முனைவோம்,
அந்தந்த நாட்டின் சூழலுக்கு ஏற்ப.
நாற்பத்தெட்டு.
உறுதி இளக இளகச் சொல் நீளும் என்பதை
இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான்
ஸ்கேல் வைத்து அளந்தேன்.

பக்கம் கட்டும் குணாளன் கொட்டாவியோடு,
“ஆவன செய்யப்படும்னு போட்ருங்க மேடம்,
கச்சிதமா நிக்கும்.”
சிரித்துவிட்டேன்.
எங்கள் தெருச் சாக்கடைக்காக
திங்கட்கிழமை திங்கட்கிழமை மனுக் கொடுத்து வாங்கிய
அந்த வாசகச் சீட்டு மூன்று
என் கைப்பையிலேயே கிடக்கிறது.
அங்கேயும் இப்படித்தானோ,
கடல் ஏறுகிற தீவுக்காரர்கள்
டோக்கனைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய.

அப்போதுதான் குடியாத்தத்திலிருந்து முனவர் போன்.
ஆற்றுத் தரைப்பாலம். மேலே முழங்கால் தண்ணீர்.
டிவிஎஸ் ஃபிப்டியில் ஷூ அப்பர் மூட்டை,
காலை லோடுக்குள் கொடுத்தாக வேண்டுமென்று
இறங்கியிருக்கிறார்.
சம்பங்கி, நாற்பத்தொன்று.
வண்டி கிடைத்தது.
மூட்டை கிடைத்தது.

“பலின்னு போட்டுடாதீங்க மேடம்,
அந்தம்மா அடுப்பை அணைக்காம உட்கார்ந்திருக்காங்க.”

மாயம் என்று அடித்தேன்.
மூன்றெழுத்து. எந்தக் காலத்திலும் அடங்கும்.

ஆனால் இடமில்லை.
நகைக்கடை விளம்பரத்தில் கை வைக்க முடியாது.
தலைவர் படம் நாலு காலம்:
விமானப் படிக்கட்டின் கீழே, கையசைப்பு, கோட்டு,
சிவப்புக் கம்பளம்,
கம்பளத்தின் மேல் பளபளவென்று கறுப்பு ஷூ.
முழங்காலோடு வெட்டினேன்.
எட்டு வரி கிடைத்தது.

குணாளன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“எம்.டி. கேட்டா?”
“தண்ணி ஏறிடுச்சுன்னு சொல்லு.”

மெஷின் ஓடத் தொடங்கியும் தூக்கம் வரவில்லை.
ஐந்தரை மணிக்குப் பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
வெளியூர்க்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்ய
வைத்திருக்கும் பட்டியலில்
ஒன்று மட்டும் இன்று கழிந்திருந்தது.
செம்மண் நிறத்தில், கரை தெரியாமல்,
கதவு ஒன்றையும் பிளாஸ்டிக் குடங்களையும்
சுமந்துகொண்டு போனது.
ஒருவர் கற்பூரம் ஏற்றினார்.
பையன்கள் செல்ஃபிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

தூறலுக்குத் தலைமேல் பேப்பரைப் பிடித்திருந்தார் ஒருவர்.
எங்கள் பேப்பர்.
கையசைப்பு நனைந்து தொய்ந்துவிட்டது.
எட்டு வரி அவர் விரலுக்கு அடியில்.
கொஞ்சம் விரலை நகர்த்துங்கள் என்று கேட்க நினைத்து
கேட்காமல் நின்றேன்.

போன் அதிர்ந்தது. ஏஜென்சி:
‘முனைவோம்’ என்பதை
‘முனையலாம்’ எனத் திருத்தி வாசிக்கவும்.

முனவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.